எந்தப் பாடத்தை எண்ணுகிறோம்? யி காப்பியங்களும் அளவுசார் மொழியியலும்

தென்மேற்குச் சீனத்தில் வாழும் யி இனத்தின் ஒரு கிளையான நுவோசு மக்கள் சொல்லும் தோற்றக் காப்பியம் ‘ஹ்னெவோ தேயி’. அதில் ஓரிடம். தறியில் நெய்துகொண்டிருக்கும் ஒரு பெண்ணின் மேல், வானத்தில் வட்டமிடும் கழுகுகளின் ரத்தம் சொட்டுகிறது. ஒரு சொட்டு தலையில், ஒரு சொட்டு இடுப்பில், ஒரு சொட்டு பாவாடை மடிப்பில். அந்த ரத்தத்தால் கருவுற்று அவள் பெற்ற பிள்ளைதான் ஜிகெ அலு. ஒரே வானத்தில் காய்ந்த 6 சூரியன்களையும் 7 நிலவுகளையும் அம்பெய்து வீழ்த்தி, ஒரு சூரியனையும் ஒரு நிலவையும் மட்டும் உலகத்துக்கு விட்டுவைத்த வீரன் அவன். மூன்று சொட்டுகளையும் சொல்லும் வரிகள் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை. விழுந்த இடம் மாறுகிறது, ரத்தம் துளைத்த ஆடை மாறுகிறது. மற்றவை அப்படியே திரும்ப வருகின்றன.

இந்த வரிகளை ஒரு கணினி நிரலிடம் கொடுத்தால் என்ன சொல்லும்? வரிக்கு ஐந்து சொல், மூன்று வரி, ஒவ்வொரு வரியிலும் ஒரு சொல் மட்டும் மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தச் சொல்வரவு 15. வெவ்வேறு சொற்கள் 7. வகைக்கும் வரவுக்கும் உள்ள விகிதம் 0.47. ஓர் உரைநடை வாக்கியத்தில் 15 சொற்களை எடுத்தால் பெரும்பாலும் எல்லாமே வெவ்வேறாக இருக்கும். விகிதம் 1ஐ ஒட்டி நிற்கும். சொல்வளத்தை அளக்க உலகம் முழுவதும் பயன்படும் இந்த எளிய விகிதப்படி, தலைமுறை தலைமுறையாக மனப்பாடமாகக் காக்கப்பட்ட ஒரு காப்பியத்தின் உச்சமான இடம் சொல்வறுமை மிக்கதாகிவிடுகிறது.

கணக்கில் பிழை இல்லை. அந்தக் கணக்கு அளப்பது, ஒரே அச்சில் வார்த்த வரிகளை அடுக்கும் இணைவரி என்ற உத்தியை. நாம் அதை வளம் என்று தவறாகப் படிக்கிறோம். யி காப்பியங்களை அளவுசார் மொழியியல் வழியே, அதாவது மொழியின் கூறுகளை எண்ணிப் பார்க்கும் முறையில், ஆராய்வது மிகப் பயனுள்ள வேலை என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் மற்ற மொழிகளில் செல்லுபடியான அளவுகோலை அப்படியே கொண்டுவந்து வைத்தால், விடை சூத்திரத்தைப் பற்றித்தான் பேசும், காப்பியத்தைப் பற்றிப் பேசாது. அதற்கும் முன்னால் தீர்க்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. எந்தப் பாடத்தை, அதாவது காப்பியத்தின் எந்த வடிவத்தை, எண்ணுகிறோம்?

ஒரு பெயர், பல மொழிகள்

யி என்பது சீன அரசு அங்கீகரித்த 55 சிறுபான்மை இனங்களில் ஒன்று. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அவர்கள் சுமார் 98 லட்சம் பேர். சிச்சுவான், யுன்னான், குய்சோ, குவாங்சி ஆகிய பகுதிகளின் மலைகளில் பரவி வாழ்கிறார்கள். மொழி திபெத்திய-பர்மியக் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘யி மொழி’ என்று ஒருமையில் சொல்வது நிர்வாக வசதிக்காகத்தான். அதற்குள் ஆறு பெருங்கிளைகள் உண்டு. ஒரு கிளையாரின் பேச்சு இன்னொரு கிளையாருக்குப் புரியாது. சிச்சுவானின் லியாங்ஷான் மலைப்பகுதியை மையமாகக் கொண்டு நுவோசு பேசுவோர் வடக்குக் கிளை.

காப்பியங்களும் அப்படியே பிரிந்து கிடக்கின்றன. ஹ்னெவோ தேயி லியாங்ஷானுக்கு உரியது. யுன்னானின் சூசியோங் பகுதியில் ‘மெய்கெ’, ஷுவாங்பாய் பகுதியில் ‘சாமு’, மிலெ பகுதியின் அசி மக்களிடம் ‘அசி சியென்ஜி’. இந்த நான்கையும் சேர்த்து யி மக்களின் நான்கு படைப்புக் காப்பியங்கள் என்பது வழக்கம். ஷிலின் பகுதியின் சானி மக்கள் பாடும் ‘அஷிமா’ படைப்புக் கதை அல்ல. கடத்தப்பட்ட ஒரு பெண், அவளை மீட்கப் போகும் சகோதரன் ஆஹெய், கடைசியில் வெள்ளத்தில் மாண்டு எதிரொலியாகும் அவள் என்று ஓடும் கதைப்பாட்டு. வெளியுலகம் அதிகம் அறிந்தது அதைத்தான். இவை எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொட்டி, ‘யி காப்பியத்தின் சராசரி’ என்று ஓர் எண்ணைச் சொன்னால் அந்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இராது.

எழுத்திலும் இதே சிக்கல். யி மக்களின் சடங்குப் பூசாரிகளான பிமோக்கள் நூற்றாண்டுகளாகத் தங்கள் எழுத்தில் சுவடிகளைப் படியெடுத்து வந்திருக்கிறார்கள். ஆனால் வட்டாரத்துக்கு வட்டாரம், ஏன், குருவுக்குக் குரு எழுத்துவடிவம் மாறும். நான்கு மாகாணங்களின் பழைய யி எழுத்துகளைத் திரட்டிய ஓர் அகராதியில் 87,000க்கும் மேற்பட்ட வடிவங்கள் இடம்பெற்றன. இதற்கு நேர்மாறாக லியாங்ஷானின் எழுத்து சீர்மையாக்கப்பட்டு 1980இல் சீன அரசின் ஒப்புதலைப் பெற்றது: 819 அடிப்படை எழுத்துகள், அவற்றில் சிலவற்றின் மேல் ஒரு வளைகோடு சேர்த்தால் கிடைக்கும் 345 எழுத்துகள், ஆக 1,164. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடின் 1999இல் வந்த 3.0 பதிப்பில் இவை இடம்பெற்றன. ஆகவே நுவோசு பாடம் கணினியில் ஏற உடனே தயார். குய்சோவின், யுன்னானின் பழைய சுவடிகள் தயாரில்லை. எண்ணும் ஆய்வுகள் எந்தப் பக்கம் சாயும் என்பதை இந்த ஒரு வேறுபாடே தீர்மானித்துவிடும்.

அசையை எண்ணுவதா, சொல்லை எண்ணுவதா

நுவோசு எழுத்தில் ஓர் எழுத்து ஓர் அசை. (அசை என்று நான் சொல்வது யாப்பிலக்கணத்தின் நேர், நிரை அல்ல, ஒரே மூச்சில் ஒலிக்கும் ஒலியசை.) ஒவ்வோர் அசையும் உயிரில் முடியும், மெய்யில் முடியும் அடைப்பசையே கிடையாது. மெய்கள் 43 இருக்கின்றன. நான்கு தொனிகள் அவற்றோடு சேர்கின்றன: உயர்ந்தது, நடுவுக்குச் சற்று மேலானது, நடு, தாழ்ந்து இறங்குவது. இந்த மொழி தமிழைப்போல் விகுதி மேல் விகுதி ஒட்டிச் சொல்லை நீட்டுவதில்லை. ஓரசைச் சொற்களும் ஈரசைச் சொற்களுமே மிகுதி.

எண்ணத் தொடங்குகிறவருக்கு இது ஒரு வரம் போலத் தோன்றும். எழுத்தை எண்ணினால் அசையை எண்ணியாயிற்று. தனியே அசை பிரிக்கும் வேலை இல்லை. வரிக்கு எத்தனை அசை என்பது கண்ணுக்கே தெரியும். யி பாடல்களில் ஐந்தசை வரி மிகுதி. ஏழசை வரியும் பரவலாக உண்டு. நீண்டும் குறுகியும் வருபவையும் இடையிடையே கலந்திருக்கும். ஒற்றைப்படை அசைகளின் மேல் இந்த மரபுக்கு உள்ள ஈடுபாட்டை ஒரு பட்டை வரைபடமே காட்டிவிடும்.

ஆனால் அடுத்த படியிலேயே சிக்கல் வருகிறது. 1930களில் ஹார்வர்டின் ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிஃப் பரவச் செய்த விதியை எடுத்துக்கொள்வோம். ஒரு நூலின் சொற்களை அதிகம் வருவதிலிருந்து குறைவாக வருவது வரை வரிசைப்படுத்தினால், இரண்டாம் இடத்துச் சொல் முதல் சொல்லில் ஏறக்குறைய பாதி அளவும், பத்தாம் இடத்துச் சொல் பத்தில் ஒரு பங்கும் வரும். சொற்களுக்கு எல்லை இல்லை. நூல் நீள நீளப் புதிய சொல் வந்துகொண்டே இருக்கும் என்பது இதன் அடியில் உள்ள எண்ணம். நுவோசு அசைகளுக்கோ எல்லை உண்டு. 1,164க்கு மேல் ஒரு புதிய எழுத்துகூட வர முடியாது. சில ஆயிரம் வரிகளில் பெரும்பாலான அசைகள் தலைகாட்டிவிடும். அதன்பின் வளைவு சட்டென்று செங்குத்தாகக் கீழே விழும். அந்த வீழ்ச்சியைக் கவிஞனின் நடை என்று படித்துவிடக் கூடாது. அது எழுத்து அட்டவணையின் விளிம்பு. ஓர் அசைக்கு இருக்கக்கூடிய உச்சபட்சத் தகவல் அளவும் இதனாலேயே சுமார் 10.2 பிட்டில் (பிட் என்பது தகவலை அளக்கும் அலகு) நின்றுவிடுகிறது. ஐந்தசை வரிக்கு உச்சவரம்பு 51 பிட் அளவு. உண்மையான காப்பிய வரி அந்த வரம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்பதுதான் சுவையான கேள்வி. இணைவரி அதிகமாக அதிகமாக, அடுத்த அசை எது என்று ஊகிப்பது எளிதாகும். தகவல் அளவு இறங்கும்.

சரி, சொல்லை எண்ணலாம் என்றால் நுவோசு எழுத்தில் சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. எங்கே பிரிப்பது? ‘ஜிகெ அலு’ என்ற பெயரையே பாருங்கள்: ஜி, கெ, அ, லு என்று நான்கு எழுத்து. அது ஒரு சொல்லா, இரண்டா? ஒன்று என்று வைத்தால் சராசரிச் சொல்நீளம் கூடும், வகைகளின் எண்ணிக்கை மாறும். நான்காகப் பிரித்தால் அவன் பெயரில் உள்ள ‘அ’ ஏனைய பெயர்களின் ‘அ’க்களோடு கலந்து பட்டியலின் உச்சிக்குப் போய்விடும். பிரிக்கும் விதியை முதலிலேயே எழுதி வெளியிடாத எந்த எண்ணிக்கையையும் இன்னொருவர் சரிபார்க்க முடியாது. இது சிறிய நிபந்தனையாகத் தோன்றலாம். முடிவுகளில் பாதி இதில்தான் தங்கியிருக்கிறது.

இன்னொரு பொறியும் உண்டு. மென்செராத்–ஆல்ட்மன் விதி என்று ஒன்று: முழுமை நீளமாக ஆக அதன் உறுப்புகள் குறுகும். நீண்ட சொல்லின் அசைகள் சராசரியில் சிறியவை. நீண்ட வாக்கியத்தின் உட்பிரிவுகள் சிறியவை. 1980இல் காபிரியேல் ஆல்ட்மன் இதற்குக் கணித வடிவம் தந்தார். இதை யி காப்பிய வரியில் சோதித்தால் அருமையாகப் பொருந்தும்: வரியில் சொற்கள் கூடினால் சொல்லின் நீளம் குறையும். பொருந்தாமல் எப்படி இருக்கும்? வரியின் மொத்த அசை ஐந்து என்று கட்டிப்போட்ட பிறகு, ஐந்து சொல் இருந்தால் ஒவ்வொன்றும் ஓரசை, இரண்டு சொல் இருந்தால் சராசரி இரண்டரை அசை. இது வகுத்தல் கணக்கு. இதை மொழியின் விதி என்று அறிவிப்பது தவறு. அந்த விதியைச் சோதிக்க வேண்டுமானால் வரிக்கு மேலே போக வேண்டும்: இணைவரித் தொகுதியின் நீளத்துக்கும் அதற்குள் உள்ள வரிகளின் நீளத்துக்கும் உறவு உண்டா என்று கேட்க வேண்டும். அங்கே விடை முன்கூட்டியே தீர்மானமாகவில்லை.

பெயர் வரிசைகள் செய்யும் வேலை

ஹ்னெவோவில் கதை மட்டும் இல்லை, வம்சவரிசைகள் நிறைய. வானத்தின் வரிசை, பூமியின் வரிசை, பனியிலிருந்து பிறந்த பன்னிரண்டு பிள்ளைகளின் வரிசை. அந்தப் பன்னிரண்டில் ஆறு ரத்தமற்றவை, செடிகொடி மரங்கள். ஆறு ரத்தமுள்ளவை: தவளை, பாம்பு, கழுகு, கரடி, குரங்கு, மனிதன். பெருவெள்ளத்துக்குப் பின் ஜுமு வுவு என்பவனின் மக்கள் திபெத்தியர், நுவோசு, ஹான் என மூன்று மொழியினராகப் பிரிவதும், குஹோ, சோனி ஆகிய இரு பெருங்குலங்கள் கிளைத்துப் பரவுவதும் பெயர் பெயராகச் சொல்லப்படும்.

யி வம்சவரிசையில் தந்தை பெயரின் கடைசி அசைகள் மகன் பெயரின் முதல் அசைகளாக வருவது பழைய வழக்கம். தமிழ் வாசகருக்கு ‘அந்தாதி’ என்றால் உடனே புரியும். ஒரு பெயர் முடிந்த இடத்தில் அடுத்த பெயர் தொடங்கும். நினைவாற்றலுக்கு இது எவ்வளவு பெரிய துணை! நடுவில் ஒரு தலைமுறை விட்டுப்போனால் கண்ணி அறுந்தது காதுக்கே தெரிந்துவிடும்.

எண்ணிக்கையில் இது விசித்திரமான தடம் பதிக்கும். சாதாரண நூலில் வரும் வெவ்வேறு சொற்களில் ஏறக்குறைய பாதி ஒரே ஒருமுறை வருபவை. வம்சவரிசையில் அது நடக்காது. ஒவ்வொரு பெயரும் மகனாக ஒருமுறை, தந்தையாக ஒருமுறை வந்தே தீரும். ஒருமுறை வரும் சொற்களின் கூட்டம் சுருங்கி, இருமுறை வருபவற்றின் கூட்டம் வீங்கும். ஸிஃபின் வளைவை முழுக் காப்பியத்துக்கும் பொருத்திப் பார்க்கிறவர் வால்பகுதியில் ஒரு மேடு இருப்பதைக் கண்டு திகைக்கலாம். வம்சவரிசைகளைத் தனியே எடுத்துவைத்துவிட்டு மறுபடி பொருத்தினால் அந்த மேடு எவ்வளவு கரைகிறது என்று பார்க்க வேண்டும். நான் இந்தத் துறையில் வேலை செய்கிற ஒருவரிடம் ஒரே ஒரு சோதனையைச் செய்யச் சொல்லலாம் என்றால் இதைத்தான் சொல்வேன். கதைப்பகுதி, வம்சவரிசை, இணைவரித் தொகுதி என்ற மூன்று கட்டுமானங்கள் ஒரே நூலுக்குள் மூன்று வேறு புள்ளியியல்களாக நிற்பதை அது காட்டும்.

வாய்பாடு தேடும் கணக்கு

பாட்டை எண்ணுவது புதிய காரியம் அல்ல. 1913இல் கணிதவியலாளர் ஆந்திரேய் மார்க்கோவ் ஒரு ருஷ்யக் கவிதை நாவலின் முதல் 20,000 எழுத்துகளை எடுத்து, உயிரும் மெய்யும் ஒன்றையொன்று எப்படித் தொடர்கின்றன என்று கையாலேயே எண்ணினார். அதிலிருந்து பிறந்த கணிதம் இன்று எங்கெங்கோ பயன்படுகிறது. காப்பியத்துக்கு நெருக்கமான எண்ணிக்கை அமெரிக்கச் செவ்வியல் அறிஞர் மில்மன் பாரியுடையது. ஹோமரின் அடைமொழிகளை எண்ணிய அவர், ஒரே யாப்பு இடத்தை நிரப்ப ஒரே கருத்துக்கு ஒரே சொற்கூட்டம் திரும்பத் திரும்பக் கையாளப்படுவதைக் கண்டார். இதற்கு வாய்பாடு என்று பெயர். பிறகு யுகோஸ்லாவியாவில் உயிரோடு பாடிக்கொண்டிருந்த பாடகர்களிடம் போய் அதைச் சோதித்தார்.

இந்த முறை தமிழுக்கும் வந்தது. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் க. கைலாசபதி, 1968இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியிட்ட தம் ஆய்வில் சங்கப் பாடல்களின் வாய்பாடுகளைத் தொகுத்து, அவை வாய்மொழிப் பாணர் மரபில் பிறந்தவை என்று வாதிட்டார். பாணர் மரபின் சாயலில் எழுத்துப் புலவர்களும் பாடியிருக்கலாம் அல்லவா என்று அமெரிக்கத் தமிழறிஞர் ஜார்ஜ் ஹார்ட் போன்றோர் பின்னர் மறுத்தார்கள். அந்த விவாதத்தை அறிந்த தமிழ் வாசகர் யி காப்பியத்தைப் பார்க்கும்போது ஓர் உண்மை சட்டென்று பளிச்சிடும். ஹ்னெவோ வாய்மொழியா எழுத்தா என்ற கேள்விக்கு அங்கே விடை ‘இரண்டும்’. பிமோ கையில் சுவடி இருக்கிறது. அவர் படியெடுக்கிறார், ஓதுகிறார். திருமணத்திலும் இறப்புச் சடங்கிலும் இரு தரப்பாக நின்று வாதுக்கு வாது பாடுகிறவர்களும் அதையே நினைவிலிருந்து சொல்கிறார்கள். கறுப்பு ஹ்னெவோ, வெள்ளை ஹ்னெவோ என்ற பாகுபாடு உண்டு. எதை எந்தச் சடங்கில் சொல்லலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஆகவே வாய்பாடு அடர்த்தியாக இருந்தால் வாய்மொழி, குறைந்தால் எழுத்து என்ற பழைய அளவுகோல் இங்கே உடைந்துபோகிறது. சுவடியும் வாய்பாடு நிறைந்ததுதான்.

அப்படியானால் வாய்பாட்டை எண்ணி என்ன பயன்? நிறைய உண்டு. ஜிகெ அலு என்ற நான்கசைப் பெயரையே மறுபடி எடுங்கள். ஐந்தசை வரியில் அந்தப் பெயர் உட்கார்ந்துவிட்டால் மிச்சம் ஓர் அசைக்கு மட்டுமே இடம். நுவோசு மொழியில் வினை கடைசியில் வரும். ஓரசை வினைகள் ஏராளம். அந்த ஓரிடத்தில் எத்தனை வெவ்வேறு வினைகள் உட்காருகின்றன, எத்தனை வரிகள் ஏழசைக்கு நீண்டு தப்பிக்கின்றன, எத்தனை இடத்தில் பெயரே பாதியாகக் குறுகுகிறது? பாரி ஹோமரிடம் கேட்ட அதே கேள்விதான். யாப்பின் நெருக்கடியைப் பாடகர் எப்படிச் சமாளிக்கிறார் என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி கிடைக்காது.

தொனியையும் இப்படியே கேட்கலாம். குய்சோவின் பழைய யி கவிதை இலக்கண நூல்களை ஜூஷெஜெ என்ற பிமோவும் அமெய்னி என்ற பெண் புலவரும் இயற்றியதாக மரபு கூறுகிறது. அவற்றின் காலம் விவாதத்துக்குரியது, உள்ளடக்கம் வியப்பூட்டுவது. வரிக்கு ஐந்து என்ற அளவு, வரிக்கு வரி எந்த இடத்து ஒலி எதோடு இசைய வேண்டும், பொருள் எப்படித் தொடுத்துக்கொள்ள வேண்டும் என்றெல்லாம் பேசுகின்றன. அதாவது வெளியார் எண்ண வருவதற்கு முன்பே அந்த மரபு தன்னைத்தானே எண்ணியிருக்கிறது. இந்த விதிகள் சோதிக்கக்கூடியவை. ஒரு பாட்டின் மூன்றாம் இடத்து அசைகள் அடுத்தடுத்த வரிகளில் இசைகின்றனவா என்று எண்ணுங்கள். பிறகு அதே வரிகளைக் கணினியில் 10,000 முறை கலைத்துப்போட்டு, தற்செயலாக எத்தனை இசைவு கிடைக்கிறது என்று பாருங்கள். உண்மையான பாட்டில் கிடைத்தது அந்தக் கலைப்புகளுக்கெல்லாம் மேலே நின்றால், பாடகரின் காது வேலை செய்திருக்கிறது என்று பொருள். கலைத்துப் பார்க்காமல் ‘இசைவு மிகுதி’ என்று சொல்வதை நான் ஏற்க மாட்டேன். சில அசைகள் எப்படியும் அடிக்கடி வருபவை. அவை தாமாகவே இசைந்துவிடும்.

தொகுப்பாளரின் கை

இப்போது முதலில் எழுப்பிய கேள்விக்கு வருவோம்.

1953இல் யுன்னானின் கலைக் குழு ஒன்று சானி கிராமங்களுக்குப் போய் அஷிமா பாட்டின் 20 வடிவங்களைச் சேகரித்தது. ஹுவாங் தியே, யாங் ஜியோங், லியூ சி, கோங் லியூ ஆகிய நால்வர் அவற்றிலிருந்து நல்ல பகுதிகளைத் தேர்ந்து, பிரித்து, கோத்து, சீன மொழியில் ஒரே பாட்டாக 1954இல் வெளியிட்டார்கள். அந்தப் பாட்டு அழகானது. சானி மக்களின் பெயரை உலகறியச் செய்தது. ஆனால் அந்த வடிவத்தை அப்படியே முதலிலிருந்து முடிவுவரை பாடிய சானி பாடகர் ஒருவர்கூட இல்லை. அதை எண்ணினால் நால்வரின் சீனக் கவிநடையை எண்ணுகிறோம். மொழிபெயர்ப்பாளர் வேறு சொல் வேறு சொல்லாகத் தேடி வாசகருக்குச் சலிப்பில்லாமல் பார்த்துக்கொள்வார். மூலத்தில் ஒரே சொல் மூன்று முறை வந்த இடம் மூன்று சொல்லாகும். சொல்வள விகிதம் ஏறும், வாய்பாடு கரையும், ஐந்தசை வரி சீன யாப்புக்கு ஏற்ப நீளும்.

யி எழுத்தில் அச்சான நூலாக இருந்தால் மட்டும் போதுமா? போதாது. லியாங்ஷானில் பிறந்த நாட்டாரியல் அறிஞர் பாமோ ச்சுபுமோ 2000களின் தொடக்கத்தில் ஹ்னெவோவின் அச்சு வடிவம் உருவான விதத்தைத் துருவிப் பார்த்தார். பல இடத்துச் சுவடிகளும் வாய்மொழிச் சொல்லல்களும் ஒன்றாகக் கலக்கப்பட்டு, வரிசை மாற்றப்பட்டு, யார் எப்போது எந்தச் சடங்கில் சொன்னது என்ற குறிப்புகள் உதிர்ந்துபோனதை எடுத்துக்காட்டினார். கறுப்பு, வெள்ளை வரம்புகூட அங்கே மறைந்துவிட்டது. மரபுக் கதையை ஓர் அச்சுக்குள் திணித்து வார்க்கும் இந்தப் போக்கை அவர் கடுமையாகவே விமர்சித்தார். நாட்டாரியல் சார்ந்த அந்த விமர்சனம் எண்ணும் ஆய்வுக்கும் அடித்தளம் என்பது என் கருத்து.

இங்கேதான் அளவுசார் மொழியியல் பெரும் உதவி செய்ய முடியும். கலப்பைக் கண்டுபிடிக்க அதைவிடக் கூர்மையான கருவி குறைவு. நுவோசுவுக்குள்ளேயே ஷெங்ஜா, யினுவோ, சுவோதி என்று கிளைமொழிகள் உண்டு. சீர்மை எழுத்து ஷெங்ஜா உச்சரிப்பை அடிப்படையாகக் கொண்டது. அச்சிடும்போது எழுத்துக்கூட்டல் சீர்மையாகிவிடும். ஒலிச் சான்று அழிந்துபோகும். ஆனால் எந்த இடைச்சொல்லைப் பயன்படுத்துவது, ‘சொன்னான்’ என்பதை எப்படி முடிப்பது, வரியை எதைக்கொண்டு இணைப்பது போன்ற சின்னச் சின்னப் பழக்கங்களைத் திருத்த யாருக்கும் தோன்றாது. நூலை 200 வரி சன்னல்களாக நகர்த்தி, ஒவ்வொரு சன்னலிலும் இந்த இடைச்சொற்களின் விகிதத்தை எண்ணிக்கொண்டே போனால், வேறொருவர் குரல் தொடங்கும் இடத்தில் கோடு திடீரென்று திசை மாறும். அந்த இடம் கதையின் இயல்பான திருப்பமாக இருந்தால் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒரே நிகழ்ச்சியின் நடுவே கோடு மாறினால் அங்கே தையல் இருக்கிறது.

இதை ஒப்பிட்டுப் பார்க்க, கலக்காத பாடங்கள் தேவை. அவை இல்லாமல் இல்லை. மொழியியலாளர் யுவான் ஜியாஹுவா 1945இல் அசி பாட்டுகளைப் பாடகர் வாயிலிருந்து ஒலிக்குறியீட்டில் எழுதி, சொல்லுக்குச் சொல் பொருளோடு 1953இல் நூலாக்கினார். பாட்டைத் திருத்தாமல் ஒலித்தபடியே தரும் வழக்கம் அந்த நாளிலேயே இருந்திருக்கிறது. ஜிவோ ஜோச்சு என்ற மரபறிஞர் எழுதித் தந்த ஹ்னெவோ பாடத்தை, கவிஞர் அகு வுவுவும் ஓஹையோ அரசு பல்கலைக்கழகத்தின் மார்க் பெண்டரும் ஆங்கிலத்தில் ஆக்கி 2019இல் வெளியிட்டார்கள். சொன்னவர் பெயர் தெரிந்த பாடம் என்பதே எவ்வளவு பெரிய முன்னேற்றம். எண்ண வேண்டியது அதன் நுவோசு மூலத்தை, ஆங்கிலத்தை அல்ல.

எல்லாவற்றிலும் எனக்கு அதிக நம்பிக்கை தருவது அஷிமாவின் 1985 பதிப்பு. மா சுவெலியாங் முதலானோர் சானி மூலத்திலிருந்து நேரே தந்த பதிப்பு அது. ஒவ்வொரு வரிக்கும் நான்கு வரிசை: யி எழுத்து, ஒலிக்குறியீடு, சொல்லுக்குச் சொல் பொருள், தெளிவான சீன மொழிபெயர்ப்பு. சொல்லுக்குச் சொல் பொருள் எழுதியவர்களே எங்கே சொல் முடிகிறது என்றும் தீர்த்துவிட்டார்கள். ஆகவே முன்பு சொன்ன பிரிக்கும் விதிக்கு அச்சிலேயே ஒரு விடை இருக்கிறது. அசையளவில் ஒருமுறை, சொல்லளவில் ஒருமுறை, மொழிபெயர்ப்பில் ஒருமுறை என மூன்று எண்ணிக்கைகளையும் ஒரே நூலில் எடுக்கலாம். அதன் அருகே 1954இன் கோத்தெடுத்த பாட்டை வைத்து, அதன் சீனச் சொற்களிலும் அதே விகிதத்தைக் கணக்கிட்டால், மொழிபெயர்ப்பால் மாறியது எவ்வளவு, தொகுப்பால் மாறியது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல ஒரு வழி கிடைக்கும். தேவையான இரண்டு நூல்களும் அச்சில் வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன.